சமையல் உறவு

ஐப்பசித் திங்களின் அடைமழை இரவெல்லாம் பெய்து, விடியலில் சற்றே இளைப்பாறி, மீண்டும் பெய்வதா வேண்டாவா என்று கமுகந்தோப்புகளின் மேலே நின்று எண்ணிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், தென் அந்தமானின் புரோத்ராபூர் என்னும் சிற்றூர் மெல்லக் கண்விழித்தது. கடல் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாவிடினும் அதன் உப்பு மணம் ஈரக் காற்றோடு கலந்து வந்து வீட்டு முற்றங்களில் உலவிற்று. வயல் வரப்புகளை மீறிய நீர் சாலையோரக் கால்வாயில் சலசலத்து இறங்கிற்று. போர்ட் பிளேயர் நகருக்கு வேலைக்குச் செல்வோர் குடையும் சோற்றுத்தூக்குமாகப் பேருந்து நிற்குமிடத்தில் கூடி, வங்கத்தார் வங்க மொழியிலும் தெலுங்கர் தெலுங்கிலும் தத்தம் வீட்டுக் கவலைகளைப் பேசி, பிறர் காதில் விழவேண்டியவற்றை மட்டும் எல்லார்க்கும் பொதுவான இந்தியில் பேசிக்கொண்டனர். ஊரின் மேட்டுப்பகுதியில், பலாமரம் ஒன்றின் அருகே, வெள்ளைச் சுவரும் தகரக் கூரையுமாய் நின்றது சந்தியாகப்பர் சிறுகோயில். அத்தீவில் சிதறி வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில ஞாயிறுதோறும் அங்கே கூடித் தாய்மொழியில் திருப்பலி காண்பது வழக்கம்.

கோயிலின் உள்ளே, வாடிய செம்பருத்திகளைக் களைந்து புதியவற்றைப் பீடத்தில் அடுக்கிக்கொண்டிருந்த அம்மையாரின் பெயர் அமலோற்பவம். மாசின்றித் தோன்றியவள் என்பது அப்பெயரின் பொருள். பெயரிட்ட தந்தை தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி வந்து, கட்டட வேலை எடுத்துச் செய்து, அக்கோயிலின் சுவரையும் தம் செலவில் எழுப்பிக் கொடுத்தவர். மகளாரோ பல்லாண்டு அரசுப் பள்ளியில் தமிழ் கற்பித்து, ழகரம் பிழைத்த பிள்ளையை மதியச் சோற்றுக்கு எழவிடாமல் திருத்தி, ஓய்வு பெற்றவர். கோயிலின் திறவுகோல் அவர் இடுப்பில் தொங்கிற்று. பாடற்குழுவுக்கு முதற்குரல் அவருடையது. தவக்காலத்து நோன்பை ஒரு நாளும் அவர் தவறவிட்டதில்லை. இத்தனையும் செய்தவர்க்கு ஒரேயொரு குறை இருந்தது. இவற்றையெல்லாம் பிறர் பார்க்கிறார்களா என்று அவர் அடிக்கடி திரும்பிப் பார்ப்பார்.

அவ்வாறு பார்ப்பதற்கென்றே ஆண்டில் ஒரு நாள் வாய்த்திருந்தது. கார்காலத்து இறுதியில் வரும் அனைத்துப் புனிதர் பெருவிழாவில், பெயர் தெரிந்த புனிதர்க்கும் பெயர் தெரியாத புனிதர்க்கும் சேர்த்து ஒரு பெருவிளக்கு ஏற்றப்படும். விளக்கேற்றுபவர் குருவானவர் அல்லர், இல்லறத்தாருள் ஒருவர். அவரே பின்னர் ஒலிவாங்கியின் முன் நின்று, நம்பிக்கை அறிக்கையை வரிவரியாகச் சொல்ல, சபையார் அவ்வரியையே திரும்பச் சொல்வர். அது அக்கோயிலுக்கே உரிய வழக்கம். பிற கோயில்களில் எல்லாரும் சேர்ந்தே சொல்லிவிடுவர். பல ஆண்டுகளாக அவ்விளக்கு அமலோற்பவம் அம்மையாரின் கையாலேயே சுடர்விட்டது. அவருடைய பட்டுப் புடவைகளுள் ஒன்று அந்த ஒரு நாளைக்காகவே பெட்டியில் உறங்கியது.

இனி, பேச்சியம்மா. இவளுக்குத் திருமுழுக்கில் மரியா என்று பெயரிட்டிருந்தும் ஒருவரும் அப்பெயரால் அழைத்ததில்லை. ஆசிரியையை 'அவர்' என்றும் இவளை 'அவள்' என்றும் சொல்வதே ஊர் வழக்கு. நானும் ஊரை ஒட்டியே நடக்கிறேன், படிப்போர் சற்றுப் பொறுத்தருள்க. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து மீண்டவர்களை நடுவண் அரசு நிக்கோபாரின் கச்சால் தீவு இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தியபோது வந்த குடும்பம் அவளுடையது. ஆழிப்பேரலை அத்தீவைப் புரட்டிய நாளில் கணவனையும் மகளையும் கடலுக்குக் கொடுத்தவள், முகாம் முகாமாய் அலைந்து, ஈற்றில் புரோத்ராபூரில் ஒண்டுக்குடில் ஒன்றில் வந்து தங்கினாள். நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குத் தொலைதீவுகளிலிருந்து நோயாளிகளை அழைத்து வருவோர், தென்கோடியில் உள்ள கேம்பல் பே என்னும் ஊரிலும் அதற்கு இப்பாலும் வாழ்வோர், திரும்பும் கப்பலில் இடம் கிடைக்காமல் நாட்கணக்கில் தாழ்வாரங்களில் கிடப்பர். அவர்களுக்குப் பேச்சியம்மா நாள்தோறும் ஓர் அலுமினியக் குண்டான் நிறையச் சோறும் குழம்பும் ஆக்கிப் பேருந்தில் ஏற்றிச் செல்வாள். நடத்துநர்கள் அவளிடம் பயணச்சீட்டுக் கேட்பதில்லை.

ஊர் சும்மா இருக்குமா? "புனிதம்மா போறாங்க" என்று சாலையில் ஒருவர் சொல்ல, மற்றவர் கைகூப்ப, காய்ச்சல் கண்ட குழந்தையின் தலையில் கை வைக்கச் சொல்லித் தாய்மார் அவளை நிறுத்த, பேச்சு வளர்ந்தது. அது அம்மையாரின் செவியில் விழுந்த நாள் முதல் அவர் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. தாம் நாற்பது நாள் ஒருவேளை உண்டு நோன்பிருந்து மெலிந்தபோது, "சர்க்கரையா டீச்சர்?" என்று கேட்ட ஊர் இது, எவளோ ஒருத்தி நாலு பேருக்குச் சோறு போட்டதும் கைகூப்புகிறது. தாம் குடத்திலிட்ட விளக்காயும் அவள் குன்றின்மேலிட்ட விளக்காயும் ஆனது எந்த நீதி? கோயிலில் அவள் வரும் ஓசை கேட்டால் அம்மையாரின் பாட்டுக் குரல் ஒரு படி உயரும். யாரேனும் அவள் குழம்பைப் புகழ்ந்தால், "நல்லாத்தான் இருக்கும், உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்பார். அக்குழம்பை அவர் ஒருநாளும் உண்டதில்லை. பழந்தமிழர் பொறாமைக்கு அழுக்காறு என்று பெயரிட்டனர். மாசின்மையைப் பெயரில் சுமந்தவர் அழுக்காற்றை நெஞ்சில் சுமந்தார் என்பதை நான் ஏளனத்தால் சொல்லவில்லை. சுமை சுமைதான், சுமப்பவர்க்கு வலிக்கும்.

அந்த ஐப்பசி ஞாயிறன்று, செம்பருத்தி அடுக்கி முடிந்து திருப்பலியும் தொடங்கியபின், பங்குத்தந்தை ஆரோக்கியநாதர் மறையுரையில் புனிதரைப் பற்றிப் பேசினார். படங்களில் ஒளிவட்டத்தோடு நிற்போர் மட்டுமே புனிதர் என்று நாம் எண்ணுகிறோம். தொடக்கக் காலத்துத் திருத்தூதரோ திருமுகம் எழுதும்போது, சந்தையில் காய் விற்றவரையும் கூடாரம் தைத்தவரையும் சண்டைக்காரரையும் சேர்த்தே அப்பெயரால் விளித்தார் என்றார் அவர். பிறகு மழைக் குளிரில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த ஆண்டு நம்ம விழாவுக்குத் தமிழ்நாட்டிலேருந்து ஆயர் வர்றாங்க. விளக்கேத்தி நம்பிக்கை அறிக்கை சொல்ல பேச்சியம்மாவைக் கேட்டுக்கிறேன். டீச்சரம்மா, நீங்கதான் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துத் தயார் பண்ணணும்" என்றார். கோயில் முழுதும் மகிழ்ந்து திரும்பிப் பார்த்தது. பேச்சியம்மா தலையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அமலோற்பவம் அம்மையார் புன்னகைத்தார். அப்புன்னகையை வீடுவரை சுமந்து சென்று, கதவைச் சாத்தியபின்தான் இறக்கிவைத்தார்.

"ஒரு வருசம் வேற ஆளு ஏத்தட்டுமே" என்றார் அவர் கணவர் ஞானப்பிரகாசம், துறைமுகத்தில் பணி செய்து ஓய்ந்த அமைதியான மனிதர்.

"நான் என்ன வேணாம்னா சொன்னேன்?" என்றார் அம்மையார். பின்பு அன்று மாலைவரை அவரோடு பேசவில்லை.

குருவானவர் இட்ட பணியைத் தட்ட இயலாமல், மறுநாள் பிற்பகல் குடையைப் பிடித்துக்கொண்டு அம்மையார் பேச்சியம்மாவின் குடிலுக்குச் சென்றார். ஒற்றை அறை; அதிற் பாதியை அடுப்பு கொண்டிருந்தது. குண்டானில் உலை கொதித்தது. அம்மையார்க்கு ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, பேச்சியம்மா அகப்பையும் கையுமாக நின்றாள்.

"உக்காருங்க டீச்சரக்கா. எனக்கு எழுத்துத் தெரியாது, காதுல கேட்டு மனசுல வச்சிருக்கேன். நான் சொல்றேன், தப்பு இருந்தா தலையில கொட்டிச் சொல்லிக்குடுங்க."

அவள் கண்ணை மூடிச் சொல்லத் தொடங்கினாள். விண்ணையும் மண்ணையும் படைத்தவர் முதல் ஒவ்வொரு வரியும் தோட்டத்துப் பேச்சின் இழுவையோடு, எனினும் பிழையின்றி வந்தது. அம்மையார் தம்மை அறியாமலே பிழைக்குக் காத்திருந்தார். பிழை வராதது அவர்க்கு எரிச்சலூட்டிற்று. தூய ஆவியாரைக் கடந்து, திரு அவையைக் கடந்து, அவள் சொன்னாள்: "புனிதர்களுடைய சமையல் உறவை நம்புகிறேன்."

அம்மையாரின் காது கூர்ந்தது. புனிதர்களுடைய சமூக உறவு என்பதே அவ்வரி. மண்ணில் வாழும் நம்பிக்கையாளரும் விண்ணில் வாழும் தூயோரும் ஒரே குடும்பமென்பது அதன் பொருள். "அந்த வரியை இன்னொரு தரம் சொல்லு, பேச்சி" என்றார்.

"புனிதர்களுடைய சமையல் உறவை நம்புகிறேன்." அவள் கண்ணைத் திறந்தாள், அவள் முகம் தெளிந்தது. "இந்த ஒரு வரிக்காகத்தான் டீச்சரக்கா நான் வேதத்துக்கே வந்தேன். அலை அடிச்ச பெறகு கச்சால் முகாம்ல எல்லாருக்கும் ஒரே அண்டாதான். நிக்கோபாரி ஆளுங்க தேங்கா வெட்டிக் குடுப்பாங்க, பெங்காலி அம்மா ஒருத்தி பருப்பு வேக வைப்பா, நாங்க அரிசி களைவோம். யாரு வீட்டுச் சாவு பெருசுன்னு யாரும் கேக்கல. சாயங்காலம் மெயின்லேண்டுல இருந்து வந்த சிஸ்டருங்க ஜெபம் சொல்லுவாங்க. கடலு அந்தா எரையுது, பாதி காதுல விழாது. இது மட்டும் விழுந்துச்சு. புனிதருங்க எல்லாம் ஒரே அடுப்புல பொங்கித் தின்ன ஒறவுக்காரங்கன்னு. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. எம் மக அங்க யாரு கையாலயோ சாப்பிடுறா. இங்க நான் யாருக்காச்சும் போட்டா, அங்க அவளுக்கு யாராச்சும் போடுவாங்க. ஹிசாப், கணக்கு, சரியாப் போச்சுல்ல?"

அகப்பையால் உலையை ஒரு முறை கிளறிவிட்டுக் கேட்டாள்: "சரியாத்தானே சொல்றேன்?"

படிப்போரே, இந்த இடத்தில் அம்மையாரின் நெஞ்சுக்குள் இரண்டு பேர் நின்றனர். ஒருவர் பரிவுடையவர்போலத் தோன்றினார். இவளுடைய நம்பிக்கையே இப்பிழையின்மேல் நிற்கிறது, இதைத் திருத்தினால் பாவம், இடிந்துபோவாள், விட்டுவிடு என்றார். அவர் பின்னே நின்றவர் ஒன்றும் பேசவில்லை. ஒலிவாங்கியையும், ஆயரையும், சிரிக்கப்போகும் சபையையும் விரல்நீட்டிக் காட்டினார். ழகரப் பிழைக்கு ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டவர், வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். "இப்படியே சொல்லு."

பேச்சியம்மா மகிழ்ந்து, ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றி நீட்டினாள். அம்மையார் வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டார்.

விழாவுக்கு இடைப்பட்ட நாட்கள் அம்மையார்க்கு இனிமையாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. அச்சிரிப்பை மனத்தில் எழுப்பிப் பார்ப்பார். முதல் வரிசையில் யார் யார் வாயைப் பொத்துவர், ஆயரின் புருவம் எவ்வாறு உயரும், விழா முடிந்தபின் பங்குத்தந்தை தம்மிடம் வந்து, "அடுத்த வருசம் நீங்களே சொல்லிடுங்க டீச்சரம்மா" என்று எவ்வாறு கேட்பார் என்றெல்லாம் எண்ணுவார். எண்ணி முடித்ததும் வாய் கசக்கும். ஒரு நாள் காலை, சொல்லிவிடலாம் என்றே புறப்பட்டார். பேருந்து நிற்குமிடத்தில் குண்டானை இறக்கி வைத்துவிட்டுப் பேச்சியம்மா நின்றாள். சுற்றிலும் நின்றோர் அவளுக்குக் குடை பிடித்தனர். வயது முதிர்ந்த வங்கத்தார் ஒருவர் அவளிடம் தலையைத் தாழ்த்தி வாழ்த்துக் கேட்டார். அம்மையார் தம் குடையைத் தாமே பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். மழை அன்று நிற்கவேயில்லை.

பெருவிழா நாள் வந்தது. வானமும் அன்று மனமிரங்கி வெளுத்திருந்தது. சௌல்தாரியிலிருந்தும் நகரத்திலிருந்தும் குடும்பங்கள் வந்து குவிய, கோயில் நிறைந்து, வெளியே பலாமரத்தடியிலும் கூட்டம் நின்றது. பட்டுப் புடவை பெட்டியிலேயே கிடக்க, அம்மையார் பாடற்குழுவின் முன்னே வெண்ணூற் புடவையில் நின்றார். தமிழகக் கடற்கரை ஊரொன்றிலிருந்து வந்த முதிய ஆயர் பீடத்தருகே அமர்ந்தார். பேச்சியம்மா துவைத்து மடித்த கைத்தறிச் சேலையில் வந்து, பெருவிளக்கின் திரியில் நெருப்பை வைத்தாள். அடுப்பு மூட்டிப் பழகிய கை; திரி ஒரே தீண்டலில் பற்றியது. பின் அவள் ஒலிவாங்கியின் முன் வந்து நின்றாள்.

அவள் ஒரு வரி சொன்னாள். சபை அதைத் திரும்பச் சொன்னது. மற்றொரு வரி சொன்னாள்; சபை சொன்னது. அவள் குரல் மெல்ல மெல்ல நடுக்கம் நீங்கித் திடம்பெற்றது. அந்த வரி நெருங்க நெருங்க அம்மையார் பாட்டுத்தாளின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டிருந்தார். இப்போதேனும் ஓரடி முன்னே வைத்து அவள் காதில் ஒரு சொல் சொல்லலாம். ஓரடிதான். கால் எழவில்லை.

"புனிதர்களுடைய சமையல் உறவை நம்புகிறேன்" என்றாள் பேச்சியம்மா, அதுவரை சொன்ன எல்லா வரியினும் உரத்து.

சபை திரும்பச் சொல்ல வாய் திறந்து, திகைத்து, நின்றது. பின் வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. அது பரவி, ஒலிபெருக்கி வழியே வெளியே கேட்டவர்களின் சிரிப்போடு கலந்து, கோயிலைச் சுற்றி வந்தது. சிரித்தவரெல்லாம் தீயவர் அல்லர். பலர் அவள் சோற்றை உண்டவரே. எனினும் சிரித்தனர். பேச்சியம்மா இருபுறமும் நோக்கினாள்.

"தப்பாச் சொல்லிட்டேனா?"

"சமூக உறவு, சித்தி. சமையல் இல்ல" என்றாள் முன் வரிசையில் இருந்த பெண்ணொருத்தி, மெல்லத்தான், ஆயினும் கேட்டது.

"இல்லியே. டீச்சரக்காகிட்ட சொல்லிக் காட்டினேனே. சரின்னாங்களே."

அவள் அதை முறையிட்டுச் சொல்லவில்லை. தன் காதையே நம்பாமல், உண்மையில் எது சரியென்று அறியக் கேட்டாள். சிரிப்பு நின்றது. கோயிலில் இருந்த தலைகள் யாவும் பாடற்குழுவை நோக்கித் திரும்பின. ஆயரும் திரும்பினார். வாழ்நாளெல்லாம் தம்மைப் பிறர் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்த அம்மையாரை, அன்று ஊரே பார்த்தது.

பேச்சியம்மாவும் பார்த்தாள். எழுத்து அறியாதவள்; ஆனால் அந்த முகத்தில் இருந்தது அவளுக்கு விளங்கிற்று. ஒரு மூச்சு நேரம் அவள் கண் கலங்கிற்று. பிறகு அவள் ஒலிவாங்கியை இரு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"அய்யோ, நான் ஒருத்தி. டீச்சரக்கா சரியாத்தான் சொல்லிக்குடுத்தாங்க. ரெண்டு மூணு தரம் திருத்தினாங்க. என் மண்டையிலதான் ஏறல. எல்லாரும் மன்னிச்சுக்கிடுங்க." பின்பு மூச்சை இழுத்துவிட்டு, கல்லும் முள்ளுமான பாதையில் வெறுங்காலோடு நடப்பவள்போல அப்புதிய சொல்லின்மேல் அடிவைத்தாள்: "புனிதர்களுடைய சமூக உறவை நம்புகிறேன்."

சபை தாழ்ந்த குரலில் அதைத் திரும்பச் சொன்னது. அதற்கு அடுத்த வரி இன்னதென்று நம்பிக்கையுடையோர் எல்லாரும் அறிவர்.

"பாவ மன்னிப்பை நம்புகிறேன்" என்றாள் பேச்சியம்மா.

சபை சொன்னது. அம்மையாரின் உதடு அசைந்தது, ஒலி எழவில்லை.

விழா முடிந்து பலாமரத்தடியில் ஊர்ச்சோறு பரிமாறப்பட்டது. ஆக்கியவள் பேச்சியம்மா, ஞானப்பிரகாசம் இருமுறை வாங்கி உண்டார். அம்மையார் தலைவலியென்று சொல்லி வீடு சென்று, சன்னலருகே அமர்ந்து, அன்று முழுதும் பொருமினார். தம்மேல் பொருமினாரோ எனின், அதுவும் உண்டு. ஆனால் அதனினும் பெரியதொன்று அவரைத் தின்றது. ஆண்டவர் திருமுன், ஆயரின் திருமுன், விளக்கேற்றிய கையோடு அவள் ஒரு பொய் சொன்னாளே, அந்தப் பொய்யின்மேல் அவர்க்குப் பொறாமை வந்தது. தம் வாழ்நாள் முழுதும் சொன்ன மெய்களையெல்லாம் ஒரு தட்டில் இட்டாலும் அப்பொய்க்கு ஈடாகாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. விளக்கைத் திரும்ப வாங்கிவிடலாம். பட்டுப் புடவையை உடுத்திக்கொள்ளலாம். அந்தப் பொய்யை எங்கே போய் வாங்குவது?

மறுநாள் இறந்தோரை நினைவுகூரும் நாள். பெற்றோரின் கல்லறைக்கென்று மெழுகுதிரிகளை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அம்மையார், கல்லறைத் தோட்டத்திற்குத் திரும்பும் முனையில் திரும்பாமல், நேரே நடந்து, அந்தக் குடிலின் வாயிலில் போய் நின்றார். பேச்சியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மெழுகுதிரி ஏற்ற அவளுக்குக் கல்லறை ஏதும் இல்லை. கடலுக்குள் எங்கே ஏற்றுவது?

"பேச்சி, அன்னைக்கு நான் தெரிஞ்சேதான் சரின்னு சொன்னேன்."

"தெரியும் டீச்சரக்கா."

"ஊர் உன்னைப் பாத்துச் சிரிக்கணும்னுதான் சொன்னேன். எனக்கு உன்மேல பொறாமை. நேத்துச் சாயங்காலமும் பொறாமை. இப்பவும் இருக்கு."

"எம்மேலயா?" பேச்சியம்மா உண்மையாகவே வியந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தன் ஒற்றை அறையைச் சுற்றுமுற்றும் பார்த்தாள், அதில் எதைக் கண்டு பொறாமைப்பட்டிருப்பார் என்று தேடுபவள்போல.

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்குப் பொய் சொன்னே? கோயில்ல?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தேன். முகாம்ல எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நிப்பாங்களே, அந்த மூஞ்சி மாதிரி இருந்துச்சு. அப்படி நிக்கிறவங்ககிட்ட ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது டீச்சரக்கா. சாப்பிட்டாச்சான்னுதான் கேக்கணும். நேத்து நீங்க சாப்பிடாமப் போய்ட்டீங்க." அவள் எழுந்து ஒரு தட்டைக் கழுவினாள். கழுவியவள் திரும்பாமலே, சுவரைப் பார்த்தபடி, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "அப்ப அந்த வரியில சமையல் இல்லியா?"

அம்மையார் வாயிலைக் கடந்து உள்ளே வந்தார்.

"ராத்திரியெல்லாம் அதத்தான் நெனச்சேன். நான் இத்தன வருசம் நம்பினது அங்க இல்லவே இல்லியா? அப்ப எம் மக அங்க... யாரு பாத்துக்கிறாங்க அவள?"

முந்தைய நாள் சபை நடுவே சிரிப்புக்கு ஆளானபோதும் உடையாத குரல் இங்கே உடைந்தது. தாம் செய்தது இன்னதென்று அம்மையார் அப்போதுதான் கண்டார். ஒரு பெண்ணின் மானத்தை வாங்கியதாக அவர் எண்ணியிருந்தார். கடலுக்குள் போன மகளின் வாய்ச்சோற்றையன்றோ தட்டிவிட்டிருந்தார். பொய் சொல்லித் தேற்றலாம். பேச்சியம்மா தமக்காகச் சொன்ன பொய்க்கு ஒரு பொய் அவர் கடன்பட்டிருந்தார். ஆனால் அவர் ஆசிரியை. தமக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்வதொன்றே அவர் கையில் இருந்த சோறு.

"எழுதியிருக்கிற வார்த்தை சமூகம்தான், பேச்சி. அது வடக்கேயிருந்து வந்த சொல்லு. எல்லாரும் ஒண்ணாக் கூடியிருக்கிறதுன்னு அர்த்தம். இங்க இருக்கிற நாமளும் அங்க இருக்கிறவங்களும் ஒரே வீடு. நீ சொன்னது நம்ம தமிழ்ச் சொல்லு. ஒரே வீடுன்னா அங்க ஒரே அடுப்புதானே இருக்கும்? இத்தனை வருசம் அந்த வரியை நான் ஒரு எழுத்துப் பிசகாமச் சொன்னேன். அதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு நாளும் எனக்குத் தோணல."

"அப்ப எம் மக பட்டினி இல்லியே?"

"இல்ல. பட்டினி இல்ல."

பேச்சியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்தின்மேல் பழி போட்டாள். பின் தட்டில் சோறிட்டுக் குழம்பு ஊற்றி அம்மையாரின் முன்னே வைத்தாள். அம்மையார் முக்காலியில் அமர்ந்து, மெழுகுதிரிகளை மடியில் வைத்துக்கொண்டு, உண்டார். உப்பு அளவாகவே இருந்தது.

அன்று முதல் காலைதோறும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் அக்குடிலில் வெங்காயம் உரிக்கிறார். அலுமினியக் குண்டானின் ஒரு காதை அவரும் மறு காதைப் பேச்சியம்மாவும் பிடித்துப் பேருந்தில் ஏறுகிறார்கள். அம்மையாரின் அழுக்காறு ஒழிந்ததோ என்று கேட்பீர்களாயின், இல்லை என்றே சொல்லவேண்டும். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நோயாளிகள் முதலில் பேச்சியம்மாவுக்கே கைகூப்புகின்றனர். அம்மையாரின் முகம் அப்போதெல்லாம் சிறிது சுருங்குகிறது. சுருங்கிய முகத்தோடே அவர் அடுத்த தட்டில் சோறிடுகிறார். அடுத்த ஆண்டுப் பெருவிழாவில் விளக்கேற்றுமாறு பங்குத்தந்தை பேச்சியம்மாவைக் கேட்டபோது, அவர் அடுப்பில் வேலையிருக்கிறது என்று மறுத்துவிட்டார். ஆம், அவர் என்றே எழுதினேன். ஊர் தன் வழக்கை எப்போது மாற்றிக்கொள்கிறதோ மாற்றிக்கொள்ளட்டும். விளக்கை மீண்டும் அமலோற்பவம் ஏற்றினார். அந்த வரியில் ஒரு கணம் நின்றார். எழுதியவாறே பிழையின்றிச் சொன்னார். சபை திரும்பச் சொல்லும் ஒலியின் அடியில், ஒலிவாங்கிக்கு எட்டாமல், மற்றச் சொல்லையும் ஒரு முறை சொல்லிக்கொண்டார்.

சமைதல் என்பது பழைய சொல். பக்குவமாதல் என்பது அதன் பொருள். புனிதர் என்போர் மாசின்றித் தோன்றியவர் அல்லர். பிறர் பசிக்கென மூட்டிய தீயின் அருகே நெடுநாள் நின்று, அத்தீயாலேயே மெல்ல மெல்லச் சமைபவர். பேச்சியம்மாவின் சோறு நாள்தோறும் உரிய நேரத்தில் வெந்துவிடுகிறது. அமலோற்பவம் அம்மையார் இன்னும் வேகவில்லை. ஆயினும் அடுப்பை விட்டு இறங்கவில்லை.